சொற்செயலியின் தன்னியக்க மாற்றமும் தவிர்ப்பு நெறியும்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்போர்க்கு இரு கடமைகள் உண்டு. சுவடியில் உள்ளதை உள்ளவாறே காட்டுதல் ஒன்று. பிழையெனத் தோன்றும் இடத்தைத் திருத்திக் காட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து போகாமல் காத்தலே பதிப்புக் கலையின் உயிர்நிலை எனலாம். மூலம் எது, திருத்தம் எது என்று பிரித்தறிய இயலாத பதிப்பு எத்துணை அழகுற அச்சிடப்பட்டிருப்பினும் ஆய்வுக்குப் பயன்படாது.

இக்காலத்தில் ஆய்வேடுகளும் பதிப்புகளும் கணினியின் சொற்செயலி வாயிலாகவே எழுதப்படுகின்றன. எழுதுவோர் ஏவாமலே அச்செயலி சில மாற்றங்களைத் தானே செய்கிறது. புள்ளிகளை இணைக்கிறது, எண்களைப் பட்டியலாக்குகிறது, மேற்கோட்குறியை வளைக்கிறது, சொல்லையும் மாற்றுகிறது. இவற்றைத் தன்னியக்க மாற்றம் என்று ஈண்டுக் குறிப்போம். வேண்டாத செயலை நீக்குதற்குச் சொற்செயலிகளில் ‘செயல்தவிர்’ என்னும் ஏவல் உள்ளது. தன்னியக்க மாற்றத்தின் பின்னர் அவ்வேவலை இட்டால் எது நீங்க வேண்டும்? எது நிற்க வேண்டும்? இவ்வினா பொறியியலார்க்கு மட்டும் உரியதன்று. மூலபாடத்தைப் பேணும் தமிழாய்வாளர்க்கும் உரியது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பேகனைப் பாடிய பாட்டுகள்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற முதுகலை மாணவி ஒருவர், திண்டுக்கல் வட்டாரத்துச் சங்கச் செய்திகளை ஆய்வுப் பொருளாகக் கொண்டார். பழனிமலை இம்மாவட்டத்தைச் சார்ந்தது. ஆதலின் அம்மலைக்குரிய வையாவிக் கோப்பெரும் பேகனைப் பாடிய புறப்பாட்டுகளை அவர் முதற்கண் தொகுத்தார். அவை புறநானூற்றில் 141 முதல் 147 வரை அமைந்தவை. 141, 142, 144, 145 ஆகிய நான்கும் பரணர் பாடியவை. 143 கபிலர் பாட்டு. 146 அரிசில்கிழார் பாட்டு. 147 பெருங்குன்றூர்கிழார் பாட்டு.

மாணவி முதற்பாட்டின் எண்ணாகிய 141ஐயும் ஒரு புள்ளியையும் இட்டுப் பாட்டைத் தட்டெழுதினார். அப்போதே சொற்செயலி அவ்வெண்ணைத் தன்னியக்கப் பட்டியலின் முதல் உறுப்பாக ஆக்கிவிட்டது. அடுத்த பத்தியைத் தொடங்கியதும் 142 தானே தோன்றியது. வேண்டிய எண்ணே வந்தமையால் அவர் ஐயுறவில்லை. பின்னர்ப் புலவர் வாரியாகப் பாட்டுகளை முறைப்படுத்த எண்ணிப் பரணர் பாட்டு நான்கையும் ஒருங்கு வைத்துக் கபிலர் பாட்டை அதன்பின் அமைத்தார். சங்க இலக்கியத்தைப் புலவர் வாரியாக வகுத்தல் புதிதன்று. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் 1940ஆம் ஆண்டுப் பதிப்பு அம்முறையிலேயே அமைந்தது. எம்முறையில் வகுப்பினும் தொகைநூலின் எண் பாட்டொடு செல்லுதல் வேண்டும் என்பதே முறைமை. இங்கு அது செல்லவில்லை. எண்கள் பாட்டுக்கு உரியனவாக அன்றி, இடத்துக்கு உரியனவாக மாறியிருந்தன. பரணர் பாட்டுகள் 141, 142, 143, 144 என்றும், கபிலர் பாட்டு 145 என்றும் ஆயின.

ஆய்வேட்டின் இறுதிப் படியைப் படிக்கும்போது ‘புறம் 145, கபிலர்’ என்றிருந்ததைக் கண்டேன். தட்டச்சுப் பிழை என்றே முதலில் கருதினேன். முன்னும் பின்னும் ஒப்பிட்ட பின்னரே உண்மை புலப்பட்டது. மாணவி பிழை செய்யவில்லை. அவர் எழுதிய எண்ணைப் பொறி தன்னுடைய எண்ணாக மாற்றிக்கொண்டது. மாற்றியபோது வடிவில் வேறுபாடு சிறிதும் தோன்றவில்லை. எழுதியதும் 141, தோன்றியதும் 141. கோப்பினைப் பன்முறை மூடித் திறந்தமையால் செயல்தவிர் ஏவலாலும் பயன் இல்லையாயிற்று. ஏழு பாட்டுகளையும் அவற்றைச் சுட்டிய அடிக்குறிப்புகளையும் கையால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதாயிற்று.

பாட்டெண் ஒரு முகவரி. முகவரி மாறின் மேற்கோள் முழுதும் பிழைபடும். எண்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும் ஒரு செய்தியே. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. ஆகவே இன்றுள்ள நூல் 11ஆம் பாட்டில் தொடங்குகிறது. எண்ணைத் தானே நிரல்படுத்தும் பொறி இவ்வெற்றிடங்களை அறியாது. 266இன் பின் 267 என்றே அது இடும். இழந்தவற்றின் நினைவையும் அது இழக்கச் செய்துவிடும்.

2. மாற்றத்தின் வகைகள்

தன்னியக்க மாற்றம் பலவகைப்படும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வேர்ட் செயலியில் 1993ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு முதல் தன்னியக்கத் திருத்தம் இடம்பெற்றது. இன்று கைப்பேசி வரை அது பரவியுள்ளது. தமிழாய்வுக்கு இடர் தருவனவற்றுள் மூன்றினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, புள்ளிகள் இணைதல். சுவடியிலும் கல்வெட்டிலும் சிதைந்த எழுத்துகளைப் புள்ளியிட்டுக் காட்டுதல் பதிப்பு மரபு. எழுத்துக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டு இடுவோரும் உளர். தொடர்ந்து மூன்று புள்ளிகள் வரின் சொற்செயலி அவற்றை ஒரே குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு வேறுபாடு மிகச் சிறிது, கணக்குக்கோ பெரிது. ஓர் அடியில் ஆறு எழுத்துகள் மறைந்தன என்னும் செய்தி யாப்பை மீட்டெடுப்போர்க்கு இன்றியமையாதது. ஆறு புள்ளிகள் இரண்டு குறிகளானபின் அவற்றைக் கணினியால் எண்ணினால் இரண்டு என்றே விடை வரும்.

இரண்டாவது, எண் பட்டியலாதல். அதனை மேலே கண்டோம்.

மூன்றாவது, சொல் மாறுதல். நாட்டுப்புற வழக்குகளைத் தொகுப்போர்க்கு இது பெருந்தீங்கு. மதுரை, திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் மழை ‘மளை’ எனவும், பழம் ‘பளம்’ எனவும் ஒலிக்கக் கேட்கிறோம். வேளாண்மை ‘வெள்ளாமை’ ஆகிறது. வேடசந்தூர்ப் பக்கத்திலோ நத்தம் பக்கத்திலோ மாணவர் ஒருவர் முதியோர் பாடும் நடவுப் பாட்டைக் கேட்டுக் கைப்பேசியில் எழுதுகிறார் என்று கொள்வோம். அவர் ‘மளை’ என எழுத, பொறி ‘மழை’ எனத் திருத்துமாயின், ழகரம் ளகரமாக ஒலித்தது என்னும் சான்று அங்கேயே அழிந்தொழியும். எஞ்சுவது பிழையற்ற தமிழ். ஆயின் பாடியவர் கூறிய தமிழ் அன்று.

3. சுவடி மரபு தரும் பாடம்

இத்தகைய இடர் நமக்குப் புதிதன்று. ஏடு எழுதுவோர் தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றி எழுதியமையாலும், கண்பிறழ்ந்து எழுதியமையாலும் பாடவேறுபாடுகள் தோன்றின. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுதல் பெருவழக்கு. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்பெறாது. புள்ளியை எங்கே இடுவது என்பது படிப்போரும் பதிப்போரும் செய்யும் முடிபாகவே இருந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டபோது பல சுவடிகளை ஒப்புநோக்கினார். தாம் கொண்ட பாடத்தை மூலத்தில் வைத்துப் பிற பாடங்களைப் பிரதிபேதமாகக் காட்டினார். கொண்டதும் தள்ளியதும் ஆகிய இரண்டும் படிப்போர்க்குக் கிடைத்தன. பின்வந்தோர் அவர் முடிபை ஏற்கவும் மறுக்கவும் இடம் இருந்தது. திருத்தம் தீதன்று, திருத்தியதை மறைத்தலே தீது என்பது இம்மரபு நமக்குக் காட்டும் உண்மை.

ஏட்டுக்கும் கணினிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஓர் ஏடு பிழைபடின் மற்றோர் ஏட்டைத் தேடலாம். கணினியில் ஒருவர் இப்போது எழுதிய சொல்லுக்கு மற்றொரு பிரதி இல்லை. அவர் அழுத்திய எழுத்து எது, அது எதுவாக மாறியது என்னும் இரண்டையும் அந்நேரத்தில் முற்ற அறிந்த சான்று பொறி ஒன்றே. அது பழைய வடிவைக் கைவிடுமாயின் பாடவேறுபாடு காட்டுதற்கும் வழியில்லை. எழுதியதும் மாற்றியதும் ஆகிய இரண்டையும் பொறி தன் நினைவில் வேறுவேறாக வைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

4. தவிர்ப்பின் இருவேறு முறைகள்

செயல்தவிர் ஏவல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1968இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிரெஸ் என்னும் தொகுப்புமுறையிலேயே அது இருந்தது. பின்னர், செய்த செயல்களைப் படிப்படியாக அடுக்கிவைத்து, இறுதியில் வைத்ததை முதலில் எடுக்கும் முறை நிலைபெற்றது. கேள்வி யாதெனில், அவ்வடுக்கில் ‘ஒரு படி’ என்பது எது?

எழுதுவோர் மூன்றாம் புள்ளியை இடுகிறார். பொறி மூன்றையும் ஒரு குறியாக்குகிறது. இவ்விரண்டும் ஒரே விசையழுத்தத்தால் நிகழ்ந்தமையின் ஒரே படி என்று கொள்ளுதல் ஒரு முறை. இம்முறையில் தவிர்த்தால் குறி நீங்கும். அதனொடு மூன்றாம் புள்ளியும் நீங்கும். இரண்டு புள்ளிகளே நிற்கும். எழுதுவோர் மீண்டும் மூன்றாம் புள்ளியை இட்டால் பொறி மீண்டும் இணைக்கும். அவர் விரும்பிய மூன்று புள்ளிகளை அவர் பெறவே இயலாது.

புள்ளியிட்டது ஒரு படி, இணைத்தது மற்றொரு படி என்று பிரித்துக் கொள்ளுதல் இரண்டாம் முறை. இம்முறையில் ஒருமுறை தவிர்த்தால் இணைப்பு மட்டும் நீங்கி, எழுதிய மூன்று புள்ளிகளும் எழுதியவாறே நிற்கும். மேலும் ஒருமுறை தவிர்த்தாலே எழுதியது நீங்கும். வேர்ட் செயலியில் திருத்தம் நிகழ்ந்த உடனே கன்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தின் திருத்தம் மட்டும் நீங்குதல் இம்முறைக்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் முறையே பொருத்தமானது என்பது நம் துணிபு.

இதற்குக் காரணத்தை நம் இலக்கணமே தருகிறது. வினைமுதலை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இருவகையாகப் பகுப்பர். எழுதுவோர் தாமே ஓர் எழுத்தை இடும்போது இயற்றுதற் கருத்தா ஆகிறார். ‘இப்பத்திகளை எண்ணிட்டு நிரல்படுத்துக’ என்று பட்டியல் ஏவலை இடும்போது, செய்வது பொறியே ஆயினும் அவர் ஏவுதற் கருத்தா. இவ்விரண்டும் அவர் செயலே. தன்னியக்க மாற்றத்திலோ அவர் இயற்றவும் இல்லை, ஏவவும் இல்லை. ஒரு விசையால் இரண்டு நிகழ்ந்தன என்பது கருவி ஒன்றாதலைக் காட்டுமேயன்றி, வினைமுதல் ஒன்றாதலைக் காட்டாது. வினைமுதல் வேறாயின் வினையும் வேறு; வினை வேறாயின் தவிர்ப்பின் படியும் வேறாதல் வேண்டும்.

5. தடையும் விடையும்

இவ்வாறு பிரிப்பின், எழுதியதை முற்றும் நீக்க விரும்புவோர் ஒருமுறைக்கு இருமுறை விசையை அழுத்த வேண்டி வருமே எனின், வரும். ஒரு விசையழுத்தம் மிகுதல் சிறு தொல்லை; எழுதியது அழிதல் இழப்பு. தொல்லையையும் இழப்பையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது.

எழுதுவோருட் பலர் இத்திருத்தங்களை விரும்புகின்றனரே எனின், அதனை மறுத்தோம் அல்லோம். அலுவல் மடல் எழுதுவோர்க்குப் பட்டியல் தானே அமைதல் நன்மையே. திருத்தத்தை ஒழிக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. திருத்தத்துக்கும் எழுத்துக்கும் இடையே எல்லை வேண்டும் என்பதே.

தவிர்த்தபின் பொறி மீண்டும் திருத்தாமல் இருக்க வேண்டுமா? இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒருமுறை மறுக்கப்பட்ட திருத்தத்தை அவ்விடத்தில் மீளச் செய்தல் முறையன்று. பொது விதியைக் கூறிப் புறனடையும் கூறுதல் இலக்கண நூலார் வழக்கு. எழுதுவோர் தவிர்த்த இடத்தைப் பொறி புறனடையாகக் கொள்ள வேண்டும். எனினும் அவ்வொன்று கொண்டே எங்கும் அவ்வாறு செய்யாதொழிதலும் பொருந்தாது. அதனை எழுதுவோர் தனியே கூறுதற்கு வழியிருத்தல் போதும்.

6. தமிழ்99 முறையில் புள்ளி

தமிழுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சென்னையில் 1999ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை உருப்பெற்றது. அதில் புள்ளி தானே அமையும் வசதி உண்டு. ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தின் முன்னெழுத்துப் புள்ளி பெறும். ப, ப என அழுத்த ‘ப்ப’ வரும். மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம் வரினும் அவ்வாறே. ம, ப என அழுத்த ‘ம்ப’ வரும். தமிழ்ச் சொல்லமைப்பை நன்குணர்ந்து வகுத்த விதி இது. ஏட்டில் படிப்போர் செய்த முடிபைப் பெரும்பான்மை இடங்களில் இங்குப் பொறி செய்கிறது.

சிறுபான்மை உண்டு. ததும்பு, மமதை முதலிய சொற்களில் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தும் முன்னெழுத்துப் புள்ளி பெறாது. இவற்றிற்காக இடையே அகர விசையை அழுத்துக என்று அம்முறை வகுத்துள்ளது. இது வருமுன் காக்கும் புறனடை, போற்றத்தக்கது. ஆயின் எழுதுவோர் அதனை மறந்து ‘த்த’ என்று வந்தபின் செய்வது யாது? குறியீடு குறியீடாக நீக்கும் மென்பொருளில் பின்னழி விசையை ஒருமுறை அழுத்தினால் பின்னெழுத்தாகிய தகரம் நீங்கும். பொறி இட்ட புள்ளி நிற்கும். எழுதியது போயிற்று, எழுதாதது நின்றது. முறை தலைகீழாயிற்று. பின்னழி விசை இறுதி எழுத்தை அழித்தல் அதன் இயல்பு. அதனைக் குறை கூறுவதற்கில்லை. செயல்தவிர் ஏவலோ புள்ளியை மட்டும் நீக்கி, அழுத்திய இரண்டு தகரங்களையும் ‘தத’ என நிறுத்துதல் வேண்டும். அழித்தல் வேறு, தவிர்த்தல் வேறு என்னும் வேற்றுமை இங்கு நன்கு விளங்கும். அழித்தல் எழுத்தின்மேல் நிகழ்வது. தவிர்த்தல் செயலின்மேல் நிகழ்வது.

7. காலம் கடந்து காணும் மாற்றம்

இதுகாறும் கூறியது மாற்றத்தை உடனே கண்டோர்க்கு உதவும். பின்னர்க் காண்போர் செய்வது யாது? இறுதியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கில், பத்து அடிகளுக்கு முன் நிகழ்ந்த மாற்றத்தைத் தவிர்க்க வேண்டின் இடையே எழுதிய பத்து அடிகளையும் இழக்க வேண்டும். ஆகவே மாற்றம் நிகழ்ந்த இடத்திலேயே அதனைத் தனியே மீட்கும் வழியும் வேண்டும். வேர்ட் செயலியில் திருத்தம் பெற்ற சொல்லின்மேல் சுட்டியை நிறுத்தின் சிறு குறி ஒன்று தோன்றும். அதன் வழியே பழைய வடிவை மீட்கலாம். இனி இவ்வகைத் திருத்தம் வேண்டா என்றும் கூறலாம். இது பதிப்பின் அடிக்குறிப்பை ஒத்தது. திருத்தம் மூலத்தில் உள்ளது. பழைய பாடமும் அருகே உள்ளது.

இக்குறி சுட்டியை நிறுத்தினாலன்றித் தோன்றாமை ஒரு குறையே. பேகன் பாட்டுகளில் எண் மாறியது போல, உருவம் மாறாமல் தன்மை மாறும் இடங்களில் எழுதுவோர் ஐயுறவே மாட்டார். ஐயுறாதவர் சுட்டியை நிறுத்தவும் மாட்டார். ஆதலின் தோற்றம் மாறாத மாற்றத்தைத் தோற்றம் மாறிய மாற்றத்தினும் தெளிவாகப் பொறி அறிவித்தல் வேண்டும். கோப்பை மூடியபின் அடுக்கு மறைதல் பொதுவழக்கு. பொறி செய்த மாற்றங்களின் குறிப்பேனும் கோப்போடு நிலைத்திருப்பின் ஆய்வுலகுக்குப் பெரும்பயன் விளையும்.

8. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். பொறி தானே செய்த மாற்றம் தவிர்ப்பில் தனிப்படியாக அமைதல் வேண்டும். முதல் தவிர்ப்பில் அம்மாற்றம் மட்டும் நீங்கி, எழுதியது எழுதியவாறே நிற்றல் வேண்டும். தவிர்த்த மாற்றம் அவ்விடத்தில் மீளவும் நிகழலாகாது. பின்னர்க் கண்ட மாற்றத்தை, இடையே எழுதியவற்றை இழவாமல் மீட்க வழி வேண்டும். உருவம் மாறாமல் தன்மை மாறும் இடத்தில் பொறி எழுதுவோர்க்கு அறிவித்தல் வேண்டும்.

இவை நிறைவேறும் வரை நாம் செய்யத்தக்கனவும் உள. மூலபாடங்களையும் கள ஆய்வுச் செய்திகளையும் தட்டெழுதத் தொடங்குமுன் எண் பட்டியல், புள்ளியிணைப்பு, சொல் திருத்தம் ஆகிய தன்னியக்க வசதிகளை நிறுத்தி வைத்தல் நன்று. ஆய்வேடுகளைக் கடைகளில் கொடுத்துத் தட்டெழுதுவிக்கும் மாணவர்கள் இதனை அங்கும் வற்புறுத்திக் கூற வேண்டும். பாட்டெண்ணைப் பாட்டின் தலைப்பில் ‘புறம் 143’ என்று நூற்பெயரோடு எழுதின், எண் வரியின் முதலில் நில்லாமையால் அது பட்டியலாக மாறுதற்கு இடமில்லை. பாட்டை எங்கு நகர்த்தினும் எண் உடன்செல்லும். தமிழ்த்துறைகள் தம் ஆய்வேட்டு நெறிமுறைகளில் இவற்றைச் சேர்த்தல் வேண்டும்.

எம் மாணவி தம் ஆய்வேட்டை அவ்வாறே திருத்தி அளித்தார். பரணர் பாட்டு நான்கும் ஒருங்கே நின்றன; கபிலர் பாட்டும் 143 என்னும் தன் எண்ணோடு நின்றது.